அமிலம் மிஸ் தரவேண்டிய கடிதம்

"நகருங்க, நகருங்க!"

புயல் இரண்டிரண்டு படிகளாகத் தாவினாள். தோளில் பை தாறுமாறாக ஆடியது. பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தாள் தோழி ரேடியோ. அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் உட்பட எல்லாருக்கும் பட்டப்பெயர்தான்.

"ஏய், நில்லுடி! சர்க்கரை சார்கிட்ட கேட்டா நின்ன இடத்துல கடிதம் குடுத்துடுவாரு. எதுக்கு இந்த அமிலம் மிஸ் பின்னாடி அலையறே?"

"அவர் எல்லாருக்கும் ஒரே கடிதம்தான். பேரை மட்டும் மாத்துவார். போன வருஷம் ஒரு பையனை 'அடக்கமான பெண்'னு எழுதி அனுப்பிட்டார், மறந்துட்டியா?"

ரேடியோ சிரித்தாள், புயல் சிரிக்கவில்லை. அவள் ஆசைப்பட்ட கல்லூரி, ஆசிரியர் ஒருவரின் சிபாரிசு இல்லாத விண்ணப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கடிதத்தை ஆசிரியரே இணையத்தில் ஏற்ற வேண்டும். இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. போன வாரம் கேட்டபோது "பார்க்கலாம்" என்ற வேதியியல் ஆசிரியை அமிலம், அதன்பிறகு பிடி கொடுக்கவே இல்லை. வராந்தாவின் இந்த முனையில் புயல் தெரிந்தால், அந்த முனையில் வெள்ளைக் கோட்டு மறையும்.

"பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லித் தொலைக்கலாமில்ல?" என்றாள் ரேடியோ. "நீயும் லேசுப்பட்டவளா? அவங்களோடயே சண்டை போட்டவளாச்சே!"

சண்டைதான். ஓர் ஆய்வகச் சோதனையில் வகுப்பே புத்தகத்தில் இருந்த விடையை எழுதிவைக்க, புயல் மட்டும் தனக்குக் கிடைத்த ஏடாகூடமான எண்ணை எழுதினாள். அமிலம் முட்டை போட்டார். "எனக்கு வந்தது இதுதான் மிஸ்" என்று இவள் மல்லுக்கு நின்றாள்.

மறுநாள் அமிலம் வகுப்பின் நடுவில் வந்து நின்றார். "பாட்டில்ல லேபிளை மாத்தி ஒட்டினது நான். அவ எழுதினதுதான் சரி. மத்தவங்க எழுதினது பொய்."

தடுமாற்றமில்லை, மழுப்பலில்லை. தப்பை இவ்வளவு நிமிர்ந்து நின்று ஒப்புக்கொள்ள முடியுமா என்று புயல் வியந்தாள். தன்னைப் பற்றி எழுதினால் இவர்தான் எழுத வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

ரேடியோவை வாசலில் விட்டுவிட்டு ஆய்வகக் கதவைத் தள்ளினாள். அமிலம் கணினி முன் உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

"மிஸ்..."

"மூச்சு விடாதே."

விரல் ஒரு விசையைத் தட்டியது. 'கடிதம் பெறப்பட்டது' என்றது திரை.

"போயாச்சு. ஒரு வாரமா எழுதறதும் அடிக்கறதுமா இருந்தேன். சும்மா 'நல்ல பொண்ணு'ன்னு எழுதி உன்னைக் கேவலப்படுத்த மனசு வரலே."

புயலுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்புறம் ஏன் மிஸ் என்னைக் கண்டாலே ஓடினீங்க?"

அந்த முகத்தில் முதல்முறையாகத் தயக்கத்தைப் பார்த்தாள்.

"எங்கே உன்கிட்ட கேட்டுடுவேனோன்னு பயம். உன் கடிதம் போறதுக்கு முன்னாடி கேட்டா அது பேரம் ஆயிடும்."

"என்ன கேட்டுடுவீங்க?"

அமிலம் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தார்.

"இந்த வயசுல நானும் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். என்னைப் பத்தி ஒரு மாணவியோட கடிதம் வேணுமாம். நாளைக்குக் கடைசி. லேபிள் கதையும் அதுல வரணும்... எழுதுவியாம்மா?"