மணலில் விளைந்த சர்க்கரைவள்ளி

தொடர்ந்து மூன்றாவது கோடையிலும் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் முன்பே கருகியபோது, ஸம்ஃபிராவின் கணவன் யான்கு பிழைப்புத் தேடி ஸ்பெயினுக்குப் பஸ் ஏறினான். எங்கள் ஊரில் அது புதிதல்ல. டான்யூப் நதி பக்கத்திலேயே ஓடினாலும் எங்கள் நிலம் மணல். மழை பொய்த்தால் காற்று அதை வாரிக்கொண்டு வந்து வாசலில் கொட்டும். தெருவில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன.

"நிலம் ஒழுங்கா விளைஞ்சா மறுநாளே வந்துடுவேன். அங்க போய்க் கிடக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா?" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஸம்ஃபிரா அதை அப்படியே நம்பினாள்.

அடுத்த வசந்தத்தில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போய், வறண்ட மணலிலும் விளையும் சர்க்கரைவள்ளிக் கொடிகள் வாங்கி வந்தாள். தனியாளாகச் சொட்டுநீர்க் குழாய் இழுத்து, கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்து, முதுகு ஒடிய நட்டாள். எதிர்வீட்டு வியோரிகா வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"ஏன்டி, களி கிண்டச் சோளமாவு வேணாமா உனக்கு? இந்தக் கொடிய ஆட்டுக்குப் போடப் போறியா?"

"விளைஞ்சா முதல் கிழங்கு உனக்குத்தான். உன் வாய அடைக்க!"

"விளையட்டும், பாப்போம்."

விளைந்தது. ஜூலை வெயிலில் சுற்றியிருந்த சோளமெல்லாம் காய்ந்து சலசலத்தபோது, அவள் நிலம் மட்டும் பச்சையாய்ப் படர்ந்து கிடந்தது. இலையுதிர் காலத்தில் கிழங்கு தோண்ட வியோரிகாவே மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

தோண்டிய கிழங்கு அழுகாமலிருக்க, அதைத் தோல் இறுகும்வரை சூடான அறையில் வைக்க வேண்டும். அடுப்பு நன்றாக எரிவது படுக்கையறையில்தான். கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திச் சாத்திவிட்டுப் பெட்டிகளை அடுக்கினாள் ஸம்ஃபிரா. கிழங்குகள் கதகதப்பில் கிடக்க, அவள் சமையலறை பெஞ்சில் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யான்குவைப் போனில் கூப்பிட்டாள்.

"விளைஞ்சிருச்சு யான்கு! வீடு முழுக்கக் கிழங்குதான், கால் வைக்க இடமில்ல. வியாபாரி லாரியோட வர்றேன்னு சொல்லிட்டான். இனிமே நீ வந்துடலாம்."

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பதும் தட்டுகள் உரசுவதும் கேட்டன.

"கெட்டிக்காரிதான் நீ," என்றான்.

"எப்ப வர்ற?"

"இங்க எனக்குப் பழகிப்போச்சு ஸம்ஃபிரா. வேலை இருக்கு, கூட்டாளிங்க இருக்காங்க. அங்க வந்து நான் என்ன பண்ண? எல்லாத்தையும் நீயே பாத்துக்கிறியே."

"விளைஞ்சா வந்துடுவேன்னு சொன்னியே?"

"சொன்னேன்," என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

இத்தனை காலமும் அவள் வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். வானத்தைப் பார்த்துச் சாபம்கூட விட்டிருக்கிறாள். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பெட்டிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றாள். அறை முழுக்க மண்வாசனையும் வெம்மையும் நிறைந்திருந்தன. அழுகை வரவில்லை. கொஞ்சம் விறகு எடுத்து அடுப்பில் போட்டாள்.

லாரி வந்து கிழங்கை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த வசந்தத்தில் வியோரிகாவின் நிலத்தையும் சேர்த்து இருவரும் கொடி நட்டார்கள்.

"உன் ஆளு எப்பத்தான் வர்றானாம்?" என்று குனிந்தபடியே கேட்டாள் வியோரிகா.

"வரமாட்டான்." அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வியோரிகா நிமிர்ந்து பார்த்தாள். "இந்தப் பக்கம் குழாய் அடைச்சிருக்கு போல, பாரு," என்றாள்.

ஸம்ஃபிரா போய்க் குழாயைத் தட்டி மணலை உதிர்த்தாள். இருட்டும்வரை நட்டுவிட்டு, இருவரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.