பின் ஒழுங்கை வாசல்

அண்ணாவின் நெற்றியில் மூன்றாந்தடவையாகத் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள் சாம்பவி. சடலத்தை வைத்திருந்த மலர்ச்சாலையின் குளிரில் அது ஒட்டாமல் உதிர்ந்தது. இரண்டு நாளாக உறக்கமில்லை. மல்லிகை மணத்துக்குள், வெள்ளவத்தைக் கடல் சத்தமில்லாமல் உள்ளே ஏறிவிட்டதுபோல, எல்லோரும் மிதந்துகொண்டிருந்தார்கள். மாடிப்படி ஏறுகையில் இருதயம் நின்றுபோன அண்ணா உமாசுதன் மட்டும் பெட்டிக்குள் அசையாமல் கிடந்தான். வயது நாற்பத்தொன்று.

தில்லைநாதன் மாமா சாம்பவியின் காதருகே குனிந்தார்.

"பிள்ளை, வாசலிலை நாலு பேர் நிக்கினம். கொட்டாஞ்சேனையிலையிருந்து. எச்.ஐ.வி. கிளினிக் ஆக்களாம். பக்குவமாக் கதைச்சு அனுப்பிவிடு. இவனுக்கும் அந்த வருத்தமெண்டு சனம் கதைக்கப் போகுது."

வெளியே வெயிலில் கண் கூசியது. வெள்ளைச் சேலை உடுத்திருந்தவள் தன் பெயர் ரொஷேல் என்றாள்.

"நாங்க உமா சார்ட்ட படிச்ச ஆக்கள்."

"என்ன படிச்சனீங்கள்?"

"ஆராய்ச்சி."

'சுகாதாரப் புரொஜெக்ட், புள்ளிவிபர வேலை' என்றுதான் அண்ணா வீட்டில் சொல்லியிருந்தான். அதற்குமேல் அவளும் கேட்டதில்லை.

"கிளினிக்ல மருந்து சும்மா குடுக்கிறாங்க. ஆனா பாதிப் பேர் வர்றதில்ல. ஏனென்டு டொக்டர்மாருக்கு விளங்கல்ல. மருந்து எடுக்கிற எங்களையே சார் கூப்பிட்டு, எப்பிடிக் கேக்கிறது, எப்பிடி எழுதுறது, எல்லாம் பழக்கினார். எட்டு மாசம் வீடு வீடா அலைஞ்சம்."

"பிறகு?"

"கிளினிக் கியூ நிக்கிறது பஸ் ஹோல்ட்டுக்கு நேர. பஸ்ஸில போறவன் எல்லாம் மூஞ்சியப் பாப்பான். வேற ஒன்டுமில்ல, அதுதான். வாசல ஆள் நடமாட்டமில்லாத பின் ஒழுங்கைக்கு மாத்தச் சொல்லி எழுதினம். மாத்தினாங்க. விட்டுட்டுப் போன ஆக்கள் திரும்ப வந்தாங்க."

பக்கத்தில் நின்ற இராமர் என்ற மெலிந்த மனிதர் தொண்டையைச் செருமினார். "அறிக்கையில என் பேரப் போடவான்னு சார் கேட்டார், மிஸ். போடுங்கன்னேன். என் பேரு அச்சில வந்தது அதுதான் முதல் தரம்."

அண்ணா இவர்களோடு எட்டு மாதம் நடந்த தெருக்கள் சாம்பவிக்குத் தெரியாத ஓர் ஊரைப்போல விரிந்தன.

"இங்கயும் பின்னால வழி இருந்தா, அதால வாறம்," என்றாள் ரொஷேல். "ஒருக்காப் பாத்திட்டுப் போயிருவம்."

"வேண்டாம். முன்னாலை வாங்கோ."

சாம்பவி ரொஷேலின் கையைப் பிடித்து, நால்வரையும் நடு வழியால் கூட்டிக்கொண்டு போனாள். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்வரிசையில் இருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"ஆர் பிள்ளை இவை?"

"அண்ணாவோட வேலை செய்த ஆக்கள், அம்மா."

அம்மா நால்வரையும் ஒவ்வொருவராக, நெடுநேரம் பார்த்தாள். பிறகு, பக்கத்துக் கதிரையில் கிடந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரொஷேலுக்கு அந்தக் கதிரையைக் காட்டினாள்.