சாகாத பேட்டரி

ஆறரைக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். அது கொதிப்பதற்குள் பக்கத்து அறைக்குப் போய் என் மனைவியின் கம்ப்யூட்டரைப் போடுகிறேன். பாஸ்வேர்ட் கேட்கிறது. மூன்று முறை அடிக்கலாம். மூன்றும் தப்பு. திரை அப்படியே நின்றுவிடும். அணைத்துவிட்டுத் தேநீர் குடித்து வேலைக்குக் கிளம்புகிறேன்.

அவள் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்வாள். அலமாரியில் ஏழெட்டு இருக்கின்றன. மின்சாரம் இல்லாதபோதும் தேதி, பாஸ்வேர்ட் எல்லாம் மறக்காமலிருக்க ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன பேட்டரி. அவள் போன பிறகு அவை வரிசையாகச் செத்தன. ஒன்று ஒழுகி, போர்டையே பச்சையாக அரித்துவிட்டது. இந்தக் கம்ப்யூட்டரின் பேட்டரி மட்டும் சாகவில்லை. இது செத்தால்தான் பாஸ்வேர்ட் அழியும். பத்து வருடம் வந்தாலே அதிகம் என்கிறார்கள். முப்பது வருடமாக வேண்டுமென்றே உயிரோடு இருக்கிறது.

உள்ளே அவள் எழுதிய விளையாட்டு இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்தது. நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வந்ததும் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினான்.

"பேட்டரியப் பிடுங்கிட வேண்டியதுதானே மாமா? இதுக்கா இவ்ளோ நாள் பூஜை பண்ணீங்க?"

"பிடுங்கு பாப்போம்."

குனிந்து பார்த்தான். கடிகாரச் சிப்புக்குள்ளேயே பேட்டரியை வைத்து, மேலே கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருந்தார்கள். சிப்பைப் போர்டோடு பற்றவைத்திருந்தார்கள்.

"எவன்டா இத டிசைன் பண்ணவன்?"

"பேட்டரி போனா டிஸ்க்கப் படிக்கற செட்டிங் நம்பரும் போயிடும். அதான் கை வெக்கல."

"டிஸ்க் மேலயே லேபிள் இருக்கு. அந்த நம்பர அடிச்சா வந்துடும். எனக்கும் அந்த விளையாட்டப் பாக்கணும் மாமா. நீங்க அதுல பூதமாம். அக்கா சொன்னா."

"நீ?"

"உங்களுக்கு சாப்பாடு கொண்டு வர்ற ஆளு."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வெட்டு" என்றேன்.

அரத்தால் பிசினை ராவினான். கறுப்புத் தூள் மேசையெங்கும் விழுந்தது. செம்புக் கம்பி தெரிந்ததும் அறுத்தான். புது பட்டன் பேட்டரி ஒன்றை வெளியே வைத்து ஒயர் பற்றவைத்தான். போட்டோம்.

பாஸ்வேர்ட் கேட்கவில்லை. எல்லாம் மறந்துபோய்த் தேதி 1980 ஜனவரி 1 என்றது. மைத்துனன் என் முதுகில் ஓங்கித் தட்டினான். லேபிளைப் பார்த்து எண்களை அடித்தேன். டிஸ்க் கரகரவென்று சுற்றியது. பிறகு, டிஸ்கில் எதுவும் இல்லை என்றது.

"திரும்ப அடிங்க. தப்பா அடிச்சிருப்பீங்க."

அடித்தேன். அவனும் அடித்தான். அதே பதில்.

"அக்கா லேபிள்ல இருக்கறதப் போடல மாமா. தன் இஷ்டத்துக்கு வேற ஏதோ போட்டிருக்கா. அதே நம்பர் இருந்தாதான் படிக்கும்."

"அது எங்க இருந்துச்சு?"

அவன் வெட்டிய சிப்பைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சாயங்காலம் வரை தோன்றிய எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தோம். கடைசியில் கீபோர்டைத் தள்ளிவிட்டான்.

"ச்சே! என் புத்திய செருப்பால அடிக்கணும். ஏன் மாமா, அக்காவயே கேட்டிருக்கலாமே? பாஸ்வேர்ட் என்னன்னு?"

"கேட்டேன்."

"எப்போ?"

"ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்ப."

"என்ன சொன்னா?"

'அவரப் பாத்துக்கோங்க' என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவர் அப்போது அங்கே இல்லை. நான்தான் சக்கரக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தியேட்டர் கதவுவரை நடந்தேன். சின்ன ஆபரேஷன்தான். பேச வேறு எதுவும் தோன்றாமல் அதைக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"நேரம் பாத்தியே கேக்கறதுக்கு! வந்து சொல்றேன், போ."