வானொலியில் சொன்ன பெயர்

அராசெலி நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சலிக் கூடத்துக்காரர்கள் நாற்பது போட்டிருந்தார்கள். ஜெபமாலை முடிந்தபோது பதினொன்றில்தான் ஆள் இருந்தது. அதிலும் இருவர் தேவாலயத்திலிருந்து யார் செத்தாலும் வருகிறவர்கள். காலி நாற்காலிகள் அம்மாவின் கண்ணில் படவேண்டாமே என்றுதான் அவள் மடிக்கத் தொடங்கினாள். அம்மா எதெல்வினா நாற்காலிகளைப் பார்க்கவேயில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் அப்பா சாம்பல் நிறக் கோட்டில் கிடந்தார். அறுபத்தொரு வயதில் அவர் போட்ட முதல் கோட்டு அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போகக் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது ஒரு காலில் கயிறு கட்டியிருந்தது, மற்றதில் இல்லை.

பின்னறையில் இரண்டு பெரிய பானைகளில் தமாலே ஆறிக்கொண்டிருந்தது. சோளமாவுக்குள் மிளகாய்க் கறி வைத்து, சோளத் தோகையில் மடித்து, செவ்வாய் முழுவதும் அம்மா அவித்தது. இருநூறு. "முப்பது வருஷம் தோட்டத்துல நின்ன மனுஷன். ஊரே வரும். வர்றவங்கள வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா?" என்று சொல்லிச் சொல்லித்தான் அவித்தாள்.

"ஆப்பிள் பறிக்கிற காலம். அலுத்துப்போய்ப் படுத்திருப்பாங்க," என்றாள் அம்மா இப்போது.

அராசெலி வாசலுக்கு வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்துகள் பதித்திருந்தார்கள். நிக்கானோர் பெரால்த்தா. வாசித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும் ஸ்பானிஷ் வானொலிக்கு இந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தவள் அவளேதான். ஒரு நாளாவது அப்பாவின் பெயரை ஊர் கேட்கட்டும் என்ற பெருமையில் இரண்டு முறை திருத்தியும் கொடுத்திருந்தாள். தோட்டத்தில் அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? அங்கே எல்லோரும் மரியாதையாகக் கூப்பிட்டது தோன் ரொசெந்தோ என்று.

ரொசெந்தோ அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். முறையான குடியேற்றத் தாள்களோடு வந்தவர், குளிர் ஒத்துக்கொள்ளாமல் எல்லைக்கு அப்பால் சொந்த ஊரான மிச்சோகானுக்கே திரும்பிப் போனார். போகும்போது அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். தாளில்லாத அப்பா அதை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் நிக்கானோர், ஏணியில் ரொசெந்தோ. இந்தப் பள்ளத்தாக்கில் இதொன்றும் அதிசயமில்லை. யாரும் யாரையும் கேட்பதில்லை.

சிக்கல் அராசெலிக்கு வேலை கிடைத்தபோதுதான் வந்தது. மாநில அரசின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு, ஆனால் அதில் உட்கார்ந்த நாட்கள் குறைவு. தோட்டம் தோட்டமாகப் போவதுதான் அவள் வேலை. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் கூலியாட்களைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்து, எங்கே வேலை இருக்கிறது, என்ன பயிற்சி இலவசம், குடிதண்ணீரும் நிழலும் தராவிட்டால் எங்கே புகார் செய்வது என்று சொல்லவேண்டும். முதல் நாள் மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவளிடம் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்.

"எங்க தோட்டத்துக்கு வந்தா, நீ யாரோ நான் யாரோ."

அப்படியே நடந்தது, ஒன்பது வருடம். ஏணியிலிருந்து இறங்கிவந்து, அவள் நீட்டும் துண்டுத்தாளை வாங்கிக்கொண்டு, "நன்றி மேடம்" என்பார். கூட்டம் வாயைத் திறக்காது. மேஸ்திரி இருபதடி தள்ளி நிற்கும்போது யார் கேள்வி கேட்பது? தோன் ரொசெந்தோ கேட்பார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு, ஒவ்வொரு முறையும் அதே கேள்வியை.

"புகார் குடுத்தா எங்க பேரு வெளிய போகுமா, மேடம்?"

"போகாது. நீங்களா சொல்லச் சொன்னாலொழிய யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். இரவுச் சாப்பாட்டின்போது அப்பா மார்க் போடுவார். இன்றைக்கு ரொம்ப வேகமாகச் சொன்னாய், பின்வரிசைக்குக் கேட்கவில்லை, மறுபடி சொல்லு என்பார். அவள் சொல்வாள். பீன்ஸ் ஆறிப்போகிறது என்று அம்மா சத்தம் போடும்வரை சொல்வாள். கடைசியில் அவளைவிட அவருக்குத்தான் அது நன்றாக மனப்பாடமாகியிருந்தது.

வீடு திரும்பும் வழியில் நாளைக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சொல்லப் போவதாக அவள் அம்மாவிடம் சொன்னாள். அடக்கம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத்தானே, இன்னும் நேரமிருக்கிறது என்றாள்.

மடியிலிருந்த பானையை அம்மா இறுக்கிக்கொண்டாள். போகக் கூடாது என்றாள். ஒருவன் வேறு பேரில் இருந்தான் என்று தெரிந்தால் எல்லோருடைய அட்டையையும் எடுத்துப் பார்ப்பார்கள், பத்துக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும், அரசாங்க வேலை பார்க்கிறவளின் அப்பா இப்படி என்றால் உன் வேலையும் போகும் என்றாள். எல்லாம் நியாயம்தான்.

"அவர் உன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு," என்றாள் அம்மா. "அதையும் செத்த மூணாம் நாளே மீறப்போறியா?"

வீட்டு வாசலில் இறங்கும்போது அம்மா மெல்லக் கேட்டாள், பானையைப் பார்த்துக்கொண்டே.

"இவ்வளவையும் என்ன பண்றது?"

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அராசெலி தோட்டத்து வாயிலில் வண்டியை நிறுத்தினாள். மஞ்சள் சட்டை வீட்டில் ஆணியில் தொங்கியது. அது இருந்தால் யாரும் அவளைத் தடுக்க முடியாது, சட்டம் உண்டு. ஆனால் சொந்தச் சாவுக்கு அரசாங்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு வர அவளுக்கு மனம் வரவில்லை. கறுப்பு உடையில் வந்தவளை மேஸ்திரி பவுலினோ மேலும் கீழும் பார்த்தான். ரொசெந்தோ நான்கு நாளாக வரவில்லை, போனையும் எடுக்கவில்லை என்றான், அவள் எதுவும் கேட்காமலே. அவள் வாயைத் திறந்தாள். அவன் கையை உயர்த்தித் தடுத்தான்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா நான் மேல சொல்லணும்." தொப்பியைக் கழற்றினான். "அரை மணி நேரம் இருக்கு. நான் அந்தக் கோடியில டிராக்டரைப் பாக்கப் போறேன்."

மரங்களுக்கடியில் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஏணி ஆளில்லாமல் மரத்தில் சாய்ந்திருந்தது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும், கீழ்ப்படியில் நீலத் துணி கட்டியிருந்தது. ஒன்பது வருடமாகத் தங்குதடையில்லாமல் பேசிய இடத்தில் அவள் முதல் வார்த்தையைத் தேடினாள்.

"தோன் ரொசெந்தோன்னு நீங்க கூப்பிட்டவர்..." என்று தொடங்கினாள். "ஞாயித்துக்கிழம காலைல தவறிட்டார். நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். அஞ்சலிக் கூடத்துப் பலகைல வேற பேரு இருக்கும். நிக்கானோர் பெரால்த்தா. அதப் பாத்துத் திரும்பிப் போயிடாதீங்க. உள்ள வாங்க. அவர்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவர் என் அப்பா."

யாரும் திடுக்கிடவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எல்லோரிலும் மூத்தவளான தோன்யா சோயிலா கையிலிருந்த ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஐம்பதைத் தாண்டியும் ஆண்களுக்குச் சமமாக ஆப்பிள் பெட்டி நிரப்புகிறவள்.

"அப்பான்னு தெரியும், புள்ள."

"எப்படி?"

"நீ பதில் சொல்லும்போதெல்லாம் அவரு வாயும் சேந்து அசையும். கேள்வி கேட்டவருக்கே பதிலு தெரிஞ்சிருந்தா என்னன்னு நெனைக்கிறது? மொத வருஷமே கண்டுபிடிச்சிட்டோம்." சோயிலா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவரு மறைக்கிறாரேன்னு நாங்களும் பாக்காத மாதிரி இருந்துட்டோம்."

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னாள். திங்கட்கிழமையே தேடியிருக்கிறார்கள். இரண்டு ஆஸ்பத்திரிகளில் ரொசெந்தோ என்று கேட்டு, இல்லை என்று திரும்பியிருக்கிறார்கள். வானொலியில் யாரோ நிக்கானோருக்குச் சாவு அறிவிப்பு வாசித்தபோது சிலுவை போட்டுக்கொண்டு பறிப்பைத் தொடர்ந்திருக்கிறார்கள். அவளுடைய அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம் என்று புதன்கிழமை நால்வர் வண்டியில் ஏறி, பாதி வழியில் திரும்பியிருக்கிறார்கள்.

"நாங்க வந்து உங்கப்பா எங்கன்னு கேட்டா உன் வேலைக்கு வில்லங்கமாயிடுமோன்னு," என்றாள் சோயிலா.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு அம்மா தமாலேயை மறுபடி அடுப்பில் ஏற்றி, கூடத்தின் பின்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். மடித்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டதும் அவள்தான்.

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தோட்டத்துப் பேருந்து வந்து நின்றது. ஓட்டிவந்தது பவுலினோ. பத்தொன்பது பேரும் இறங்கினார்கள். நேராகத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார்கள், காலணிகளில் மண் இருந்தது. முகம் மட்டும் கழுவியிருந்தார்கள், தலைமுடி ஈரமாக இருந்தது. பவுலினோ இறங்கவில்லை. வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பலகையின் முன் ஒவ்வொருவரும் நின்றார்கள். ஒருவர் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லிவிட்டுத் தலையசைத்து உள்ளே வந்தார்.

நடைவழியில், வந்தவர்கள் கையெழுத்திடும் புத்தகம் மேசைமேல் திறந்திருந்தது. அராசெலி அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். புதன்கிழமை எழுதிய பதினொரு பெயர்களுக்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. முதலில் நின்றவள் சோயிலா. பேனாவை எடுத்தாள். கையைத் தாளின்மேல் வைத்தாள். எழுதாமல் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.

"இதுல எழுதினா எங்க பேரு வெளிய போகுமா, மேடம்?"

வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. முகத்தில் சிரிப்பில்லை.

"போகாது," என்றாள் அராசெலி. "நீங்களா சொல்லச் சொன்னாலொழிய யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

வேகமில்லாமல், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

சோயிலா குனிந்தாள். நெடுநாளாக எழுதாத பெயரை எழுதுகிறவளைப்போல ஓர் எழுத்தில் நின்று, யோசித்து, மேலே போனாள். தோட்டத்தில் கூப்பிடும் சோயிலா என்ற பெயருக்கு வேண்டியதைவிட அதிக நேரம் ஆயிற்று. அராசெலி புத்தகத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். பின்னால் பேனா ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவது கேட்டது.