மிளகு உயரத்துக்கு ஒரு படகு

“நேரா நில்லு. குதிகால தூக்காத.”

மிளகு, தூக்கிய குதிகாலை இறக்கினாள். இரண்டு மரக்கட்டைகளின் மேல் கரையில் நிறுத்தி வைத்திருந்த பழைய ஃபைபர் படகுக்குள் அவள் நின்றாள். வெளியிலிருந்து பார்த்தால் தலையும் தோளும் இரண்டு சடையும் மட்டும் தெரிந்தன. அப்பா டேப்பின் ஒரு முனையைப் படகின் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை விளிம்பு வரைக்கும் இழுத்தார். பிறகு அதே அளவை மகள் மேல் வைத்துப் பார்த்தார். விளிம்பு அவள் மார்புக்கு வந்தது. இன்னொரு தடவை அளந்தார். அப்போதும் மார்புக்குத்தான் வந்தது.

“கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்க சார்,” என்றார் படகின் சொந்தக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருமுறை அமர்ந்துவிட்டால் மழை வந்தாலும் எழ மாட்டார் என்பதால் படகுத்துறையில் அவருக்கு நங்கூரம் என்று பெயர்.

“அதுக்கும் பாத்தாரு. எங்க அக்கா வீட்டு மாடிப்படிக் கைப்பிடிய ஆட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள வந்தாரு,” என்றான் மச்சினன். படகுத்துறைக்கு ஐஸ் கட்டி கொண்டுவரும் வேன் அவன் ஓட்டுவது. துறையில் யாரிடம் என்ன விற்பனைக்கு இருக்கிறது என்பது அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

மிளகின் அப்பாவும் சிரித்தார். கேலி அவருக்குப் பழகிப்போன சட்டை. லிஃப்ட் மெக்கானிக். கம்பிக் கயிற்றில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், பிரியாவிட்டாலும் தேடிக்கொண்டிருப்பார். கம்பெனியில் அவருக்கு ‘டேப்பு’ என்று பட்டப்பெயர். வெளியூரில் உயரமான கட்டடம் ஏதாவது முளைத்தால், லிஃப்ட் மாட்டி ஓடவிட்டுத் திரும்பும்வரை வாரக்கணக்கில் அங்கேயே தங்கல். வீட்டில் இருக்கும் கொஞ்ச நாட்களில் கேஸ் குழாய், கட்டில் கால், ஜன்னல் கொக்கி என்று ஒன்று விடாமல் தட்டி, இழுத்து, முகர்ந்து பார்ப்பார். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. அவர் ஊருக்குப் போன பிறகுதான் அந்த வீடு மூச்சுவிடும் என்று மச்சினன் ஒருமுறை சொன்னான். அதையும் நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டார்.

மிளகு நான்கு வயதில் “மீன் பிடிக்கணும்ப்பா” என்று ஆரம்பித்தாள். “அப்பா பாத்து வாங்குறேன். அப்பாகூடத்தான் முதல்ல போகணும். அதுவரைக்கும் தண்ணிப் பக்கம் போகக்கூடாது. சரியா?” என்றார். மிளகு கை மேல் கை அடித்துக் கொடுத்தாள். அதன் பிறகு அவள் இரண்டு வகுப்பு ஏறிவிட்டாள். அப்பா இன்னும் பாத்துக்கொண்டிருந்தார்.

இந்த விடுமுறையில்தான் மச்சினன் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான். முதலில் காட்டிய படகின் விளிம்பு முழங்கால் உயரம். குழந்தை தும்மினாலே தண்ணீரில் இருப்பாள். அடுத்ததில் பெட்ரோல் டேங்க் குழந்தை உட்காரும் பலகைக்கு நேர் கீழே திறந்து கிடந்தது. மூன்றாவதின் அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டியபோது கெட்டியான ஓசைக்குப் பதில் ஊறிய அட்டையின் மந்தமான சத்தம். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அவர் உதடு பிதுக்கும்போதெல்லாம் மச்சினன் ரொம்பவும் வருத்தப்பட்டான்.

இந்தப் படகு வேறு. தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. தரையில் மணல் கலந்து பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஈரத்திலும் கால் வழுக்காது. பலகைகளுக்கு அடியில் மிதவைத் தெர்மாகோல் முழுசாக அடைத்திருந்தது. தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காது. எல்லாவற்றுக்கும் மேல், நடுப் பலகையை ஒட்டி, இரண்டு பக்கமும் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி. பெரியவர்களுக்கு அது இடைஞ்சல். தூண்டில் வீசினால் முழங்கையில் இடிக்கும். ஆனால் மிளகு நின்றால் அவள் தோளுக்கு நேராக, உட்கார்ந்தால் அவள் கைக்கு எட்டும்படி வளைத்திருந்தது. அவர் அதைப் பிடித்து முழு எடையோடு தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாக, வேறொருவர் அவரைப் போலவே யோசித்திருக்கிறார் என்று தோன்றியது. யாரென்று தெரியாத அந்த மனிதர்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது.

“நல்லா யோசிச்சு போட்டிருக்கீங்க,” என்றார் நங்கூரத்திடம்.

“பார்ட்டி கேட்டாங்க, போட்டேன்.”

“எந்தப் பார்ட்டி?”

நங்கூரம் டீ கிளாஸைத் தூக்கி, அதற்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோல உற்றுப் பார்த்தார். மச்சினன் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டே, “எவனோ வாடகைக்கு எடுத்தவனா இருக்கும் அத்தான். வெல தகைஞ்சா சரி, வாங்க பேசி முடிப்போம்,” என்றான்.

அவர் நகரவில்லை. கண் விளிம்பின் மேல் ஊர்ந்தது. படகைச் சுற்றி ஓரத்தில் கறுப்பு ரப்பர் பட்டை ஓடியது. வெயிலில் காய்ந்து, வெளிறி, வெடித்திருந்தது. கம்பிக்குக் கீழே ஒரு முழ நீளம் மட்டும் பட்டை புதுசு. தடிமனும் இரட்டிப்பு. அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன்?

வேலைப் புத்தி. லிஃப்ட்டில் ஓர் இடத்தில் மட்டும் பாகம் புதுசாக இருந்தால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இருந்தாலும் அவருக்கு இன்னும் சந்தேகம் வரவில்லை. படகு பிடித்துவிட்டது, அடுத்தது பாடம் என்ற உற்சாகத்தில்தான் இருந்தார். காலையில் வாளித் தண்ணீரில் சோப்பு டப்பாவை மிதக்கவிட்டு, படகு எப்படி ஆடும், ஏன் கவிழாது என்றெல்லாம் மகளுக்கு விளக்கியிருந்தார். “ஆடுமாப்பா? ரொம்ப ஆடுமா?” என்று கண்ணை விரித்துக் கேட்டாள் மிளகு. அவ்வளவு அழகாகக் கேட்டாள். இப்போது படகுக்குள் ஏறி அவள் எதிரில் குந்திக்கொண்டு, “சரி, சொல்லு பாப்போம். தப்பித் தவறி தண்ணில விழுந்துட்டா என்ன செய்யணும்?” என்றார். தெரியாது என்பாள், அவர் சொல்லித் தருவார்.

மிளகு பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். “வாய மூடிக்கணும். செருப்ப உதறிடணும். மல்லாந்து வானத்த பாக்கணும். அழுதா தண்ணி உள்ள போயிடும். மாமா கை வர்ற வரைக்கும் வானத்தையே பாக்கணும்.”

சொல்லி முடித்தபோது அவள் இடது கை கம்பியைப் பிடித்திருந்தது. கம்பி எங்கே இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை.

“எந்த மாமா?”

மிளகு கீழே தரையைப் பார்த்தாள். மச்சினன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். “ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க அத்தான். இப்ப எல்லாம் கத்துத் தராங்க.”

அவர் மகளின் முகவாயைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். அடியில் வெள்ளைக் கோடாக ஒரு தழும்பு. போன வருடம் அவர் வெளியூரில் இருந்தபோது வந்தது. ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா, தையல் போட்டாச்சு, கொஞ்சம் இருமல், பயப்படாதீங்க’ என்று மனைவி போனில் சொன்னாள். அவர் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தார். மறுநாளே குளியலறையின் டைல்ஸை எல்லாம் உளி வைத்துப் பெயர்த்தார். முழங்கால் தேயத் தேய, சொரசொரப்பான புது டைல்ஸ் பதித்தார். சிமென்ட் குழைத்துக் கொடுத்தவன் இந்த மச்சினன். “சூப்பர் அத்தான், இனி யானை ஓடினாலும் வழுக்காது,” என்றான். வாசலில் நின்று மிளகு வேடிக்கை பார்த்தாள். அந்தத் தரையில் குளித்துக் குளித்து இன்றைக்கும் அவருடைய குதிகால் எரிகிறது.

பழுதே இல்லாத ஓர் அறையை அவர் உடைத்திருந்தார்.

படகிலிருந்து இறங்கி ஐஸ் வேனுக்குப் பின்னால் போய் மனைவிக்குப் போன் செய்தார். எடுத்ததும் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“என்னங்க, படகு பிடிச்சுதா?”

“மிளகு தண்ணில விழுந்தாளா?”

மெஷின் நின்றது. ‘எப்ப, எங்க, ஐயோ’ என்று அவள் பதறியிருந்தால்கூடத் தான் ஒரு முட்டாள் என்று திரும்பிப் போயிருப்பார்.

“தம்பி சொன்னானா?” என்றாள் அவள்.

வேனின் பின்கதவு இடுக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் செருப்பு நனைந்தது. காலை நகர்த்தத் தோன்றவில்லை.

“அப்ப பாத்ரூம்?”

“உங்களுக்கு ஏதாவது ஒரு இடம் சொல்லணும்ல.”

“லீவு போட்டு அவ்வளவு டைல்ஸையும் ஒடச்சேனே.”

“நிறுத்துங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க அவ்வளவு சந்தோஷமா செஞ்சிட்டு இருந்தீங்க.” பிறகு அவள் குரல் கெட்டிப்பட்டது. “அவளுக்குத் தண்ணின்னா உசுருங்க. நீங்க அளந்து முடிக்கிற வரைக்கும் அவ வளராம இருப்பாளா? சும்மா கரையோரமாத்தான் கூட்டிட்டுப் போனோம். ஒரே ஒரு தடவ, எட்டிப் பாத்தா, விளிம்புல மோவாய் இடிச்சு... தம்பி உடனே குதிச்சுத் தூக்கிட்டான்.”

“கூட்டிட்டுப் போனோம்னா? நீயுமா?”

“ம்.”

“அதுக்கப்புறமும் போனீங்களா?”

“கம்பி போட்டப்புறம்தான் போனோம்,” என்றாள், அது ஏதோ அவருக்குச் செய்த மரியாதை போல.

அவர் போனை வைத்தார். திரும்பினால் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் கேலி ஒரு பொட்டுகூட இல்லை. அது இல்லாமல் பார்க்க அவன் வேறு யாரோ போல இருந்தான்.

“நான்தான் அத்தான் தப்பு. ஆனா படகு நல்ல படகு. நீங்களே இத வாங்கிட்டா எல்லாம் நேராயிடும், மறைக்க ஒண்ணும் இருக்காதுன்னு அக்காதான் சொன்னா.”

“அப்ப முன்னாடி காட்டினியே, அதெல்லாம்?”

அவன் கழுத்தைச் சொறிந்தான். “மொதல்லயே இதக் காட்டினா நீங்க குத்தம் சொல்வீங்க. மோசமா ரெண்டு மூணு பாத்துட்டு வந்தா பிடிக்கும்னு...”

முழங்கால் உயர விளிம்பு, திறந்த டேங்க், ஊறிய அட்டை. ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று ஒதுக்கியபோது தனக்குள் எழுந்த பெருமை நினைவுக்கு வந்தது. ஒதுக்கத்தான் அவை கொண்டுவரப்பட்டன. எல்லாப் படகிலும் ஏறி, எல்லாப் படகிலும் புதுசாக ஏறுவதுபோல் தடுமாறி, அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள் மிளகு. அவர் தேர்ந்தெடுத்ததாக நினைத்ததை மூன்று பேர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து, ஆணி அடித்து, பெயிண்ட் பூசி, அவருக்காகக் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். இதில் எரிச்சலான விஷயம், அவர்கள் சொன்னது சரி. இதைவிட அவர் பெண்ணுக்குப் பொருத்தமான படகு இந்தக் கரையில் கிடையாது. அவள் விழுந்த படகு. விழுந்த இடத்தில் ரப்பரும், பிடித்திருக்க வேண்டிய உயரத்தில் கம்பியும்.

“தண்ணில இறக்குங்க. ஓட்டிப் பாக்கணும்,” என்றார் நங்கூரத்திடம்.

நங்கூரம் நாற்காலியை விட்டு எழுந்தார். துறையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உருளைக் கட்டைகள்மேல் படகைத் தள்ளி இறக்கி, என்ஜினைச் சரிசெய்தார். பெட்டியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன மிதவைச் சட்டையை எடுத்து நீட்டினார். அப்பா அதன் பட்டைகளை இறுக்குவதற்காகக் குனிந்தார். இறுக்க வேண்டியிருக்கவில்லை. கொக்கி ஒரே சொடுக்கில் அவள் உடம்பின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

பின்னாலேயே ஏற வந்த மச்சினனிடம், “நீ இங்கயே இரு,” என்றார்.

நங்கூரம் என்ஜின் பக்கம். நடுப் பலகையில் அப்பாவும் மகளும். கரை மெல்ல விலகியது. வேன் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த மச்சினன் சிறுத்துக்கொண்டே போனான். கழிமுகத்தின் தண்ணீர் பழுப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. மிளகு கரையைப் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும் டீச்சரைப் பார்ப்பதுபோல.

“மிளகு.”

“ம்.”

“அப்பாகிட்ட சொல்லாதன்னு உனக்கு யாரு சொன்னா? அம்மாவா, மாமாவா?”

என்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று நினைத்தார். கேட்டிருந்தது. அவள் யோசித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்த முகத்தோடு தலையாட்டினாள்.

“யாரும் சொல்லலப்பா. எனக்கே தெரியும்.”

அவர் அவளுடைய மிதவைச் சட்டையின் கொக்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். நங்கூரம் அவசர அவசரமாகத் தூரத்து மேகங்களை ஆராய ஆரம்பித்தார்.

கழிமுகம் கடலோடு சேரும் இடத்தில் முதல் அலை வந்தது. படகின் மூக்கு மேலே ஏறி, ஒரு கணம் நின்று, பொத்தென்று இறங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்ந்தது. மிளகு சட்டென்று அப்பாவை ஒட்டி வந்து, அவருடைய ஆள்காட்டி விரலைத் தன் முழுக் கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பயமா இருக்குப்பா,” என்றாள்.

அவர் அவள் தலைமேல் கை வைத்தார். சடை காற்றில் அவர் மணிக்கட்டில் அடித்தது. அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தபோது, அவளுடைய இன்னொரு கை கம்பிக்கு வெளியே தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் அகல விரிந்திருந்தன. விரலுக்கொன்றாக மெல்லிய வெள்ளைக் கோடுகள் கிளம்பி, படகின் பின்னால் நீண்டு நீண்டு போய்க்கொண்டிருந்தன.