பத்து மணி வரை

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை அக்காள் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். தம்பியின் சட்டை, கண்ணாடி, கைக்கடிகாரம், கடைசியாகத் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. முன்னறையில் தம்பி வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தான்.

"அதுதாம்மா, அந்த டப்பாதான்," என்றார் அவனுடைய ஆய்வுக்கூடத் தலைவர். வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வந்திருக்கிறார்.

டப்பாவுக்குள் தங்கம் பூசிய கண்ணாடித் தகடு, நகத்தளவுதான். நேற்று மதியம் நெஞ்சு வலிக்கிறது என்றவனிடம், உடனே டாக்டரிடம் போ என்று அவள் போனில் எவ்வளவு கெஞ்சினாள்!

"தகடு கரைசல்ல கெடக்குக்கா. மூலக்கூறெல்லாம் தங்கத்தைப் பிடிச்சுக்கிட்டு தானா வரிசையில நிக்கணும். நாளைக்குப் பத்து மணி வரை யாரும் தொடக்கூடாது. எடுத்துட்டு நேரா டாக்டர்கிட்ட போறேன்."

"தானா நிக்கிறதுக்கு நீ எதுக்குடா காவல்?"

"அது நிக்கும்க்கா. நம்மாளுங்க நிக்க விடமாட்டாங்க."

அந்த நம்மாள் யார் என்று அவளுக்குத் தெரியும். விருந்தாளிகளுக்குக் காட்டுகிறேன் பேர்வழி என்று இரண்டு முறை தகட்டைப் பாதியில் வெளியே எடுத்தவர், இதோ, அவள் வீட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்று காலை பத்து மணிக்குத் தம்பி தகட்டை எடுத்தான், கழுவினான், டப்பாவில் வைத்து மூடினான். பத்தேகாலுக்கு விழுந்தான்.

"தண்ணி சொட்டு விட்டுப் பாத்தாரான்னு தெரியலை," என்றார் தலைவர். "வரிசை சரியா நின்னிருந்தா தண்ணி ஒட்டாது. எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் குடுங்க, பாத்துடலாம்."

நம்பிக்கை இல்லையாம். அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"எந்திரிங்க."

"அம்மா, கோபப்படாதீங்க..."

"இதுக்காகத்தானே செத்தான்? உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நாசமாப் போகட்டும்!"

சமையலறைத் தொட்டிக்குள் டப்பாவைத் திறந்து கவிழ்த்துக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தலைவர் பதறிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். யாராவது தடுக்கட்டும் பார்க்கலாம் என்று அவள் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டாள். கை ஓய்ந்த பிறகுதான் மூடினாள்.

தொட்டி முழுக்க நனைந்திருந்தது. தகடு மட்டும் காய்ந்து கிடந்தது. அதன் நடுவில் ஒரே ஒரு சொட்டு, பரவாமல், உருண்டையாக நின்றது.

தலைவர் குனிந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றாள். அவருக்கும் தொட்டிக்கும் நடுவே வந்து நின்றுகொண்டாள்.