மல்லாக்கப் போட்டுக் கொடுத்த பால்

பஞ்சர் கடைக்காரரின் கடைக்குப் பின்னால், தேய்ந்துபோன லாரி டயர்களுக்குள் தெருநாய் ஒன்று நான்கு குட்டிகள் போட்டிருந்தது. குட்டிகள் கண் திறப்பதற்குள் தாய்நாய் சாலையில் அடிபட்டுச் செத்துப்போனது. அதை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு வந்தவருக்கு, டயருக்குள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டுக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. நான்கையும் ஒரு சாக்கில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"நாமளே ஒண்டுக் குடித்தனம். இதுங்கள எங்கங்க வைக்கிறது?"

"யாராவது கேட்டா கொடுத்துடலாம்."

"ஆமா, நாய்க்குட்டி வேணும்னு தெருக்கோடி வரைக்கும் வரிசையில நிக்கிறாங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது. கை அதற்குள் சாக்கைப் பிரித்திருந்தது.

அட்டைப்பெட்டியில் பழைய புடவையை விரித்து, கதகதப்புக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். ஒவ்வொன்றாக மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைக் கையில் தாங்கி, பாலாடையால் பால் புகட்டினாள். அவர் ஒன்றைத் தூக்கப்போனால், "இரும்பு பிடிக்கிற கை, தள்ளிப் போங்க" என்று விரட்டினாள். "ரெண்டு பிள்ளை வளர்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

உண்மையில் அவளை அப்படிச் சிரித்த முகமாக அவர் பார்த்து வெகுகாலமாகிவிட்டது. எல்லாவற்றிலும் கொழுத்திருந்ததற்குக் குண்டு என்று பேர்கூட வைத்துவிட்டாள்.

சில நாட்களில் ஒரு குட்டிக்கு மூச்சு கர்கர்ரென்று இழுக்க ஆரம்பித்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா குட்டியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"பால் எப்படிக் கொடுக்கிறீங்க?"

அவர் பெருமையாகத் தன் முன்னங்கை மேல் குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்துக் காட்டினார். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"நாய்க்குட்டி குப்புறப் படுத்துத்தாங்க குடிக்கும். பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி மல்லாக்கப் போட்டா பால் நுரையீரலுக்குள்ள போயிடும். இப்ப இழுக்குதே, அது அந்தப் பால்தான்."

"மத்ததும் அப்படித்தானே குடிச்சுது?"

"மருந்து தர்றேன். ஆனா ரொம்ப நம்பிக்கை வச்சுக்காதீங்க."

வழியிலேயே பைக்குள் அசைவு நின்றுபோனது. சைக்கிளை நிறுத்திவிட்டு மரத்தடியில் நின்றார். உள்ளதைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டாலோ, மிச்சமிருப்பவற்றுக்கும் அதே மாதிரிதான் புகட்டுவாள்.

"பிறவியிலேயே அதுக்கு ஏதோ கோளாறாம்" என்றார் வீட்டுக்கு வந்து. "மத்ததுக்கு இனிமே குப்புறப் போட்டுக் கொடுக்கச் சொன்னாங்க. ஜீரணத்துக்கு நல்லதாம். இந்த மருந்தையும் கொடுக்கச் சொன்னாங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அன்றிலிருந்து குப்புறப் போட்டே கொடுத்தாள். வேளை தவறாமல் மருந்தும் கொடுத்தாள். இருந்தும் அடுத்தடுத்து இரண்டு போய்ச் சேர்ந்தன.

குண்டு மட்டும் தாக்குப்பிடித்தது. ஒரு காலையில், "என்னங்க, இங்க வாங்களேன்" என்று அவள் கூப்பிட, பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு ஓடினார். குட்டியின் ஒரு கண் கீற்றாகத் திறந்திருந்தது. அவர் கடைக்குப் போவதையும் மறந்து, இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அது பாலைத் தொடவில்லை. மூக்கில் வெள்ளையாக நுரை கட்டியது. அவள் முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"நான்தானே?" என்றாள்.

"என்ன நீதானே? தாயில்லாத குட்டி, எப்படியும்..."

"குப்புறப் போடச் சொன்னீங்களே, அன்னைக்கே தெரியும்."

"நானுந்தான் அப்படிக் கொடுத்தேன்."

"நீங்க எங்க கொடுத்தீங்க? உங்களத் தொடவே விடலையே நான்."

குட்டி அவள் மடியில் குப்புறக் கிடந்தது. அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். உடம்பு சில்லிட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. அவராகத்தான் மெல்ல வாங்கினார்.

கொல்லையில் மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் குழி வெட்டினார். அவள் சுவரில் சாய்ந்தபடி நின்றாள்.

"இன்னும் ஆழமா வெட்டுங்க" என்றாள். "வேற நாய் வந்து கிளறிடும்."

அவர் வெட்டினார். போதுமென்று அவள் சொல்லவே இல்லை.